ஹனாவுக்கு ஒரு தரம் தோற்க வேண்டும்

1

போன செவ்வாய்க்கிழமை ஹனாவின் பாடசாலையில் கூட்டம். ஹனா என் மகள். பன்னிரண்டு வயது. பிறக்கும்போதே முதுகெலும்பில் ஒரு சிக்கல். கால்கள் நடக்காது, சக்கர நாற்காலியில்தான் போய் வருவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரிலுள்ள நீங்கள் கடைசி வரி வரைக்கும் "புள்ளைக்கு என்னவாம்? பொறவியிலயா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசிப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

இங்கிலாந்தில் இப்படியான பிள்ளைகளுக்காக வருடத்தில் ஒரு தடவை கூட்டம் வைப்பார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பெரியவர்கள். எல்லாருடைய கழுத்திலும் அடையாள அட்டை, எல்லாருக்கும் முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல். நல்ல மனிதர்கள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் என் மகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மட்டும் துக்கம் கேட்க மையித்து வீட்டுக்கு வந்தவர்கள்போல எல்லாரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். மேசை நடுவில் ஒரு டிஷூப் பெட்டி வேறு இருக்கும். அது எனக்காக. ஒவ்வொரு வருடமும் நான் அழுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் அழுவதில்லை. அடுத்த வருடமும் பெட்டி வருகிறது.

கூட்டத்தை நடத்துகிறவர் மிஸிஸ் க்ரீன். அவர் முன்னால் குனிந்து கேட்டார்: "ஹனா, போன வருடத்தில் நீ மிகவும் பெருமைப்படுகிற விஷயம் எது?"

ஹனா யோசிக்கவே இல்லை. "போட்டியிலிருந்து என்னை நீக்கினார்கள்" என்றாள்.

மிஸிஸ் க்ரீனின் கை தானாகவே டிஷூப் பெட்டியை என் பக்கம் தள்ளியது.

"அது எங்கே நடந்தது?"

"இலங்கையில். புத்தளத்தில்."

"அங்கே இப்படியான அநியாயங்களைப் பற்றி முறையிட ஒருவரும் இல்லையா?"

"இருந்தார்கள். முறையிட்டார்கள். அதனால்தானே என்னை நீக்கினார்கள்."

ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். இன்னொருவர், குடும்பத்துக்கு ஆலோசனை உதவி தேவைப்படலாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கப்படுத்த வாய் துடித்தது. இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. நிதானமாக இருந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கொஞ்சம் பதறினாலும் என் ஊர்ப் பாலாவித் தமிழ்தான் வரும். அன்றைக்கும் அதுதான் தொண்டைவரை வந்து நின்றது. அங்கே சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

இங்கே பாடசாலை விளையாட்டு நாளில் ஹனாவுக்கு நிரந்தரமாக ஒரு பதவி உண்டு. மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள், அவள் நேரம் பிடிக்கிற கடிகாரத்தை வைத்திருப்பாள். அதில் அவள் அழுத்தும் நேரத்தை ஒருவரும் எழுதுவதில்லை. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இன்னொரு கடிகாரத்துடன் நிற்பார். ஒரு வருடம் "உற்சாகத் தூதுவர்" என்று எழுதிய மஞ்சள் மேற்சட்டையும் போட்டுவிட்டார்கள். முடிவில் எல்லாரையும்விடப் பெரிய சான்றிதழ் அவளுக்குத்தான். வீட்டில் அலுமாரி லாச்சி நிறைய அதுதான் கிடக்கிறது.

அவளுக்கு உதவியென்று பாடசாலை மோரீன் என்ற பெண்மணியை வைத்திருக்கிறது. தங்கமான மனிசி. என் உம்மாவின் வயதிருக்கும். வகுப்பில் ஹனாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடுவில் மோரீன் உட்கார்ந்திருப்பார். ஹனாவின் பென்சில் யாருக்காவது வேண்டுமென்றால் மோரீனிடம்தான் கேட்பார்கள். சாப்பாட்டு நேரத்திலும் மோரீன்தான். ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் கடைசியாக, "உன் நெருங்கிய சினேகிதி யார்?" என்று கேட்பார்கள். ஹனா "மோரீன்" என்பாள். மேசையைச் சுற்றி எல்லாரும் உருகிப்போவார்கள். நான் வீட்டுக்கு வந்து கோப்பை கழுவுகிற சாக்கில் குசினியில் தனியாக நின்று வயிறெரிவேன். இந்தச் சின்ன வயதுப் பிள்ளைக்கு, பேரப்பிள்ளை கண்ட ஒருவரைத் தவிர வேறு சினேகிதி இல்லையே அல்லாஹ் என்று.

போன வருடம் தை மாதம் ஊரில் என் வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஒப்பரேசன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஹனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பாடசாலைக்குப் போகிறாள் என்று கடிதம் காட்டினால்தான் இங்கே அவளுடைய இடத்தை வைத்திருப்பார்களாம். ராத்தா, அதாவது என் அக்கா ரிஸானா, பாலாவியிலிருந்து கற்பிட்டி போகிற வீதியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். "இங்க கொண்டு வா, ஒரு தவணைதானே. நான் பாத்துக்கொள்றேன்" என்றாள். அப்படித்தான் ஹனா போனாள்.

3

முதல் நாள் வாசலில் பாண்ட் வாத்தியக் குழு நின்றது.

கல்வி அதிகாரி யாரோ வருகிறார் போலும் என்று நான் ஓட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இல்லை, ஹனாவுக்காம். மேளம் முன்னால் போக, மாணவத் தலைவர்கள் இரண்டு பக்கமும் நிற்க, கழுத்தில் கடதாசிப் பூமாலையோடு என் மகள் ஏழாம் தரத்துக்கு ஊர்வலமாகப் போனாள். பாடசாலையின் அதிபர் ஸேர் ஒலிபெருக்கியில் பேசினார். "இந்தப் பிள்ளையை நாம் எல்லாரும் கண்ணியமாக நடத்த வேண்டும்" என்று நான்கு தடவை சொன்னார். ஹனா என்னைத் திரும்பிப் பார்த்து, "உம்மா, நான் யார் என்று இவங்க நெனச்சிட்டாங்க?" என்று கேட்டாள்.

ஏழாம் தரம் மேல் மாடியில். படியால் ஹனா ஏற ஏலாது. அதற்கு அதிபர் ஸேர் ஒரு நாளில் தீர்வு கண்டார்: முழு வகுப்பையும் கீழே இறக்கி முதலாம் தர மண்டபத்தில் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகள் மேலே போனார்கள், மேசை கதிரை மட்டும் கீழேயே நின்றுவிட்டது. மீசை அரும்பிய பையன்களெல்லாம் முழங்கால் நாடியில் இடிக்க அந்தக் குட்டிக் கதிரைகளில் குந்திக்கொண்டு பின்னம் படித்தார்கள். அந்த வகுப்பில் ஒழுங்கான கதிரை வைத்திருந்தது ஹனா ஒருத்திதான்.

சிரித்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒரு வகுப்பறையை மாற்ற ஆறு மாதம், மூன்று கூட்டம் வேண்டும். அங்கே ஒரு நாளில் மாற்றினார்கள். மனசு வைத்துத்தான் செய்தார்கள்.

ஆனால் "பாவம்" என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்டவர் கடந்தவர் எல்லாரும் "பாவம் புள்ள" என்றார்கள். தமிழ்ச் சொல்வதெழுதலில் ஹனா எழுதிய பத்தில் எட்டுப் பிழை. டீச்சர் "மிக நன்று" என்று போட்டு நட்சத்திரமும் வரைந்திருந்தார். நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர்கள். அப்போது அகதிப் பிள்ளைகளுக்கென்று பின்னேர வகுப்பு இருந்தது. காலைப் பிள்ளைகள் போன பிறகு அதே கதிரையில் நாங்கள் போய் உட்காருவோம். எங்களுக்கும் "பாவம்" என்றுதான் சொன்னார்கள், கொப்பி தந்தார்கள், தலையைத் தடவினார்கள். காலைப் பிள்ளைகளோடு ஒரு நாளாவது சண்டை பிடிக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அதனாலேயே அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் நாள் ஹனா முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை அவளுக்கு ஏசிவிட்டதாம்.

"யாரு? என்னத்துக்கு?" என்று நான் எழும்பிவிட்டேன்.

"ஷிஃபா. அவங்கட சோத்துப் பார்சலுக்கு மேல நான் ஏத்திட்டேன், உம்மா. 'கண்ணு பொட்டையா ஒனக்கு?' எண்டு கத்தினாங்க! எல்லாருக்கும் முன்னால!"

அவளுக்கு வீட்டில் நாங்கள் "வாங்க, போங்க" என்று பழக்கியதுதான் தெரியும். ஆட்டைக் கண்டாலும் "ஆடு வந்தாங்க" என்பாள். அன்றைக்கு முதன்முதலாக "போடீ" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். இரவுச் சாப்பாடு வரைக்கும் அதைக் காகத்திடமும் பூனையிடமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

நோன்புக்கு முன்னம், பிள்ளைகளை அணிகளாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டியை முடிக்க வேண்டும் என்று பாடசாலை தலைகீழாக நின்றது. உங்களுக்குத் தெரியும், படிப்பு எப்படிப் போனாலும் இல்லப் போட்டி என்றால் நம் ஊர் ஒரு மாதம் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும். ராத்தா ஸபா இல்லத்துக்குப் பொறுப்பாசிரியை. ஹனாவை ஸபாவில் போட்டார்கள். ஷிஃபா மர்வா இல்லம்.

ஸபா இல்லம் அலங்காரத்துக்குக் கலங்கரை விளக்கம்போல ஒரு வெளிச்சவீடு கட்டியது. அதன் உச்சியில் ஹனாவை வைத்தால் நடுவர்கள் மனமிளகிப் புள்ளி போடுவார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, ராத்தாவே அந்த ஆளுக்கு ஏசிவிட்டாள். ஆனால் அதிபர் ஸேரின் யோசனையை அவளால் தடுக்க முடியவில்லை. அது, இறுதி நாளுக்கு முந்தின வாரமே வைத்த "விசேட ஓட்டம்". மைதானம் முழுக்க மணல், நாற்காலிச் சில்லு புதையும். அதனால் பள்ளிவாசலடிக் கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்புக் கம்பளம் கொண்டுவந்து விரித்தார்கள். போட்டியாளர் ஒருவர். ஹனா மட்டும்.

துப்பாக்கி வெடித்தது. ஹனா சும்மா இருந்தாள். மறுபடி வெடித்தார்கள். "போங்க மகள், போங்க!" என்று முழுப் பாடசாலையும் கத்த, அவள் மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். நடுவில் நின்று கம்பளத்தில் ஒட்டியிருந்த மல்லிகைப் பூவை எடுத்துப் பார்த்தாள். பிறகு முடித்தாள். அவள் முதலாமிடம் என்று ஒலிபெருக்கி அலறியது. சக்கர நாற்காலியோடு நான்கு ஸேர்மார் அவளைத் தூக்கி வெற்றி மேடையின் உச்சிப் படியில் வைத்தார்கள். தங்கப் பதக்கம் போட்டார்கள். தட்டில் இன்னும் இரண்டு பதக்கம் மிச்சமிருந்தது. அதிபர் ஸேர் ஒரு கணம் யோசித்தார், பிறகு வெள்ளியையும் வெண்கலத்தையும் அவளுக்கே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஹனா மூன்றையும் கழற்றி, கட்டியிருந்த ஆட்டின் கழுத்தில் மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து அழுதாள். அவள் அழுது நான் கண்டது கொஞ்சம்.

"உம்மா, அங்க கடிகாரம் தாறாங்க. இங்க மெடல் தாறாங்க. எனக்கு ஒரு தரம் தோக்கணும், உம்மா. எல்லாரும் தோக்கிறாங்களே, எனக்கு மட்டும் ஏன் விடுறாங்க இல்ல?"

கண் கட்டோடு கட்டிலில் கிடந்த வாப்பா, "ஆட்டுக்கு எத்தனாவது எடம்?" என்று கேட்டார். ஆட்டின் கழுத்தில் பதக்கம் கிணுகிணுத்ததுதான் அவருக்குக் கேட்டது, மற்றதெல்லாம் தெரியாது.

5

மறுநாள் ராத்தா கேட்டாள்: "சங்கீதக் கதிரைக்குப் பேரு குடுக்கவா? அது காலைக் கூட்டத் திடல்ல. சீமெந்துத் தரை."

எங்கள் பாடசாலையில் சங்கீதக் கதிரைக்குச் சங்கீதம் இல்லை. பாட்டுப் போடலாமா கூடாதா என்று ஊரில் இரண்டு கருத்து இருப்பதால், பாண்ட் குழுவின் மேளத்தை மட்டும் அடிப்பார்கள். மேளம் நின்றதும் கதிரை பிடிக்க வேண்டும். பெயர் கொடுத்ததும் பிரச்சினை வந்தது. கொண்டுவந்தவள் ஷிஃபா. நேரே அதிபர் அறைக்குப் போனாளாம்.

"ஸேர், ஹனா கதிரையோடதானே வாரா? அப்ப அவ எப்பிடி அவுட் ஆவா?"

"ஆகாட்டிப் போகட்டும் மகள். பாவம், அந்தப் புள்ளைக்கே பரிசக் குடுப்போம்."

"அப்ப நாங்களும் வீட்டிலிருந்து கதிரை கொண்டு வாறோம், ஸேர்."

அதிபர் ஸேர் சிரித்தார். அடுத்த நாள் காலையில் மர்வா இல்லத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் தலையில் ஒவ்வொரு பிளாஸ்டிக் கதிரையோடு பாலாவி வீதியில் வரிசையாக வந்தார்கள். லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். மையித்து வீடா கல்யாண வீடா என்று கடையில் நின்றவர்கள் விசாரித்தார்கள்.

ஆசிரியர்கள் கூடினார்கள். ஹனாவை நீள மர வாங்கில் மாற்றி உட்கார வைக்கலாமா, அவளுக்குப் பதிலாக யாராவது ஓடலாமா, அவளுடைய கதிரையையும் வட்டத்தில் சேர்த்துக் கணக்கிடலாமா என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசினார்கள். கணித ஆசிரியை என் ராத்தா கரும்பலகையில் வரைந்தே காட்டினாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் யாருக்கோ புத்தி வந்து ஹனாவையும் ஷிஃபாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

இரண்டு பேரும் வாசலில் நின்று கொஞ்சம் குசுகுசுத்தார்கள், கொஞ்சம் சண்டை பிடித்தார்கள். பிறகு ஷிஃபா சொன்னாள்: "கதிரையே வாணாம் ஸேர். சுண்ணாம்பால வட்டம் போடுங்க. ஆளுக்கு ஒரு வட்டம், ஒண்டு கொறய. எங்களுக்கு ரெண்டு காலும் உள்ள இருக்கணும். அவவுக்கு முன் சில்லு ரெண்டும் உள்ள இருக்கணும். தள்ளினா அவுட்."

இப்படியாக, சங்கீதமும் இல்லாத கதிரையும் இல்லாத ஒரு சங்கீதக் கதிரை நிகழ்ச்சிநிரலில் ஏறியது. திடல் முழுவதிலும் இருந்த ஒரே கதிரை என் மகளுடையது.

6

இறுதி நாளன்று நான் பந்தலில் தாய்மாரோடு உட்கார்ந்திருந்தேன். உப்பளப் பக்கமிருந்து வந்த காற்று வெளிச்சவீட்டின் தலையை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. ஸபாவும் மர்வாவும் புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றன. மிச்சமிருந்தது சங்கீதக் கதிரை மட்டும்.

மேளம் அடித்தது, நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். முதலில் இரண்டு சுற்று ஹனாவுக்காக மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஷிஃபா வட்டத்துக்குள்ளிருந்தே, "என்னடீ வழி விடுறீங்க? பெருநாள் விருந்துக்கா வந்திரிக்காங்க?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு ஒருவரும் விடவில்லை. ஹனா சில்லைப் பிடித்துத் திருப்பிய திருப்பலில் தரையே கிறீச்சிட்டது. அவள் இப்படி உருட்டுவாள் என்று பெற்ற எனக்கே தெரியாது.

கடைசியில் இரண்டு பேர், ஒரு வட்டம். ஹனாவும் ஷிஃபாவும்.

மேளம் நின்றது. ஷிஃபாவின் கால்கள் உள்ளே விழுந்தன. அதே நேரம் ஹனா நேராக வந்து ஏறினாள். சில்லு வட்டத்துக்குள்ளேதான். ஆனால் நடுவில் ஷிஃபாவின் கால் பெருவிரல் இருந்தது. ஷிஃபா அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ஸபா இல்லம் ஆகாயத்துக்கு எழும்பியது.

ஷிஃபா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நடுவர் மேசைக்குப் போனாள். "ஸேர், அவ என்ட கால்ல ஏத்திட்டா! தள்ளினா அவுட்!"

"பாவம் மகள், விட்டுக் குடுங்க" என்றார் அதிபர் ஸேர். "ரெண்டு பேருக்கும் முதலாமிடம் போடுவோம்."

"பாவமா? என்ட வெரலப் பாருங்க ஸேர், அதுதான் பாவம்!"

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் நானும் மற்றவர்கள் மாதிரிதான். எழும்பி நின்று, "ஒரு புள்ளைக்கு இப்பிடியா செய்றது? நியாயமா இது?" என்று கத்தினேன். திடலின் நடுவிலிருந்து என் மகள் திரும்பினாள்.

"உம்மா, உட்காருங்க!"

பிறகு நடுவர்களிடம் சொன்னாள்: "ஓம் ஸேர். நான்தான் ஏத்தினேன். வேணுமெண்டுதான் ஏத்தினேன்."

அதற்கு மேல் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒலிபெருக்கி கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னது: "ஸபா இல்ல வீராங்கனை ஹனா, முறைகேடாக விளையாடியமைக்காகப் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். மர்வா இல்லம் வெற்றி."

ஹனா இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். தோற்றவள் கை தூக்குகிறாளே என்று வந்திருந்த பிரதம விருந்தினருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கை தட்டினார்.

ஸபா இல்லத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. ராத்தா வீட்டுக்கு வந்து, "ஒன்னாலதான்டீ வெற்றிக் கிண்ணம் போச்சு! பிரேக் எண்டு ஒண்டு இரிக்கா இல்லயா அதுல?" என்று வாய் ஓயாமல் ஏசினாள். ஹனா ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, பாண் துண்டுகளைக் கறியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஷிஃபா கட்டுப் போட்ட விரலோடு வந்தாள். நகம் கறுத்துவிட்டது என்று அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு பேரும் அந்த நகத்தைப் பார்த்துப் பின்னேரம் முழுக்கச் சிரித்தார்கள்.

7

இந்தக் கதை எதையும் செவ்வாய்க்கிழமை என்னால் சொல்ல முடியவில்லை. ஹனாவே அரைகுறையாகச் சொன்னாள். மிஸிஸ் க்ரீன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இந்த வருட விளையாட்டு நாளில் தனக்குக் கடிகாரம் வேண்டாம், ஏதாவது ஒரு போட்டியில் சேர வேண்டும் என்றும் ஹனா சொன்னாள்.

"ஆனால் நீ தோற்றுவிட்டால்?" என்று மிஸிஸ் க்ரீன் மிகவும் மென்மையாகக் கேட்டார்.

"அதுக்குத்தான் கேட்கிறேன்."

அதற்கு ஒரு தனிக் கூட்டம் வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். வைக்கட்டும், நான் வருகிறேன்.

பிறகு எப்போதும்போல் கடைசிக் கேள்வி வந்தது. உன் நெருங்கிய சினேகிதி யார்? மோரீன் புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு, வெட்கத்தோடு கீழே பார்த்தார். மிஸிஸ் க்ரீனின் பேனா 'மோ' எழுதுகிற இடத்தில் போய் நின்றுவிட்டது.

"ஷிஃபா" என்றாள் ஹனா.

"ஷிஃபா? அது யார்?"

"என்னை நீக்கச் சொல்லி முறையிட்டவள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் சண்டை பிடிப்போம்."

மேசையைச் சுற்றி ஒருவருக்கும் விளங்கவில்லை, மோரீனுக்கு மட்டும் விளங்கியது. இத்தனை வருடமாக அந்தப் பதில் தன் பெயராக இருந்ததில் அந்த மனிசிக்கும் மனசுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அவருடைய கண் நிறைந்து வழிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று, ஊரில் இறைவனைப் புகழ்கிற அதே குரலில், நான் உரக்கவே சொல்லிவிட்டேன். டிஷூப் பெட்டியை மோரீன் பக்கம் தள்ளினேன். பிறகு திருப்பி இழுத்து நானும் ஒன்றை எடுத்தேன்.